சிவப்புக் கட்டடத்தைக் கட்டினது ஆர்?

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

போன தவணை பிள்ளைகளைக் கொழும்புக்குச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனோம். கோட்டை யோர்க் வீதியால் பஸ் ஊர்ந்து போகும்போது பின்சீற்றிலிருந்து ஒரு பையன் கத்தினான். "டீச்சர், இஞ்ச பாருங்கோ, எங்கட பூட் சிட்டி!" பஸ் முழுக்கச் சிரிப்பு. ஆனால் அவன் சொன்னது பிழையில்லை. வவுனியாவில் நாம் பால்மா வாங்கப் போகும் அதே கார்கில்ஸின் தாய்வீடுதான் அந்தச் சிவப்புச் செங்கல் கட்டடம். "இதை ஆர் டீச்சர் கட்டினது?" என்று கேட்டான். "வெள்ளைக்காரர்" என்றேன். "வெள்ளைக்காரரோ கல்லுச் சுமந்தவை?" என்று திருப்பிக் கேட்டான். எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு.

1844இல் வில்லியம் மில்ன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் கண்டியில் ஒரு களஞ்சியம் திறந்தார். கப்பலில் வரும் சாமானை இறக்கி, சேர்த்து வைத்து, மொத்தமாக விற்கும் வியாபாரம். பிறகு டேவிட் சைம் கார்கில் கூட்டுச் சேர்ந்தார். மில்ன் விலகியதும் கடை கார்கிலின் பெயருக்கு மாறியது. (பர்மா ஒயில் கம்பனியைத் தொடங்கியவரும் இதே கார்கில்தான்.) கோப்பி அழிந்து தேயிலை வந்த காலம் அது. தோட்டத்துத் துரைமாருக்குப் பிஸ்கட்டிலிருந்து மருந்து வரை எல்லாமே கப்பலில்தான் வரவேண்டும். கொழும்பில் 1875இல் தொடங்கிய அலைதடுப்புச் சுவர் பத்து வருடத்தில் முடிந்ததும், காலிக்குப் போன கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. அதோடு யோர்க் வீதி துறைமுகத்தின் வாசற்படியாகிவிட்டது. 1896இல் அங்கே காணி வாங்கிய கம்பனி, 1902இல் வேலையைத் தொடங்கி 1906இல் இந்தக் கட்டடத்தைத் திறந்தது.

அது வெறுங்காணியும் இல்லை. ஒல்லாந்தர் காலத்துப் பெரிய வீடொன்று அங்கே இருந்தது. பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த்தும் அதில் குடியிருந்திருக்கிறார். 1684 என்று பொறித்த அந்த வீட்டின் அத்திபாரக் கல்லை இடித்து எறியாமல் புதுக்கட்டடத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். பழையதை இடிக்கிற எல்லாருக்கும் இந்தப் புத்தி வருவதில்லை.

வரைபடம் போட்டவர் எட்வர்ட் ஸ்கின்னர், அவரும் ஸ்கொட்லாந்துக்காரர். கட்டிக் கொடுத்தது வோக்கர் சன்ஸ் கம்பனி. ஜோன் வோக்கர் 1854இல் கண்டியில் தொடங்கிய கம்பனி அது, முதலில் கோப்பித் தோட்டங்களுக்கு இயந்திரம் செய்து கொடுத்தது. சிவந்த சுவர், வெள்ளைச் சாந்து அலங்காரம், வீதியோரம் முழுக்க வளைவு வளைவாக நீளும் விறாந்தை. மழையோ வெயிலோ, வாங்க வந்தவரும் வாங்காமல் வேடிக்கை பார்க்க வந்தவரும் அதற்குள்ளால் நடக்கலாம். எனக்கு அந்தக் கட்டடத்தில் பிடித்ததே அந்த விறாந்தைதான். நம்முடைய ஊர்க் கடைகளின் தாழ்வாரத்துக்கும் அதற்கும் நோக்கம் ஒன்றுதானே.

புத்தகங்களில் வருவது இந்த இரண்டு பெயர்களும்தான்: ஸ்கின்னர், வோக்கர். சுண்ணாம்பு குழைத்தவர், சாரத்தில் ஏறி நின்றவர், செங்கல் சுமந்தவர் யாரும் வருவதில்லை. என் மாணவன் கேட்டது அவர்களைத்தான்.

அதே ஸ்கின்னர் வரைந்த இன்னொரு சிவப்புக் கட்டடத்தில் பதில் கொஞ்சம் கிடைக்கிறது. லிப்டன் சுற்றுவட்டத்தில் இருக்கும் விக்டோரியா ஞாபகார்த்தக் கண் ஆஸ்பத்திரி, 1903இல் அடிக்கல் நாட்டியது. அதைக் கட்டியவர் நம்மவர், வாப்பிச்சி மரிக்கார். 1877இல் திறந்த கொழும்பு நூதனசாலையும் அவர் கைவேலைதான். அதற்கு வரைபடம் ஜேம்ஸ் ஸ்மிதர் என்ற வெள்ளைக்காரர். திறப்பு விழாவில் ஆளுநர் கிரகரி "என்ன வேண்டும்?" என்று கேட்க, "வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடுங்கள்" என்று மட்டும் அவர் கேட்டாராம். நம் பெரியவர்கள் சொல்லும் கதை. நெடுங்காலம் அது வெள்ளிக்கிழமைகளில் மூடித்தான் இருந்தது.

கார்கில்ஸிலிருந்து புறக்கோட்டைப் பக்கம் நடந்தால் இரண்டாம் குறுக்குத் தெருவில் மூன்றாவது சிவப்பு, ஜாமிஉல் அல்பர் பள்ளிவாசல். சம்மாங்கோட்டுப் பள்ளி என்றால் எல்லாருக்கும் தெரியும். கார்கில்ஸ் திறந்து இரண்டு வருடத்தில், 1908இல் தொடங்கி 1909இல் முடித்தார்கள். கட்டிடக்கலை படித்துப் பட்டம் வாங்காத ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை என்பவர்தான் அதை வடிவமைத்தார். தென்னிந்திய வியாபாரிகள் கொண்டுவந்து காட்டிய கட்டடப் படங்களைப் பார்த்தே அதைச் செய்தாராம். படித்த ஸ்கின்னரின் சுவரும் படிக்காத சாய்பு லெப்பையின் சுவரும் நூறு வருடம் தாண்டி நிற்கின்றன. எதைப் படம் எடுக்கச் சனம் கூடுகிறது என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

கார்கில்ஸ் 1946இல் சிற்றம்பலம் கார்டினர் என்ற தமிழரின் கைக்கு வந்தது. சிலோன் தியேட்டர்ஸ் நடத்தியவர், கொழும்பில் அவர் பெயரில் ஒரு மாவத்தை உண்டு. முதலாவது பூட் சிட்டி 1983இல் திறந்தது. எங்கள் பக்கம் வர அதற்கு யுத்தம் முடிய வேண்டியிருந்தது. ரயில் மட்டும் முந்திவிட்டது. 1905இலேயே வவுனியா, கிளிநொச்சி தாண்டிக் காங்கேசன்துறை வரை ஓடத் தொடங்கிவிட்டது.

சுற்றுலா முடிந்து வந்து உம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். உம்மாவின் வாப்பாவுக்கு முல்லைத்தீவில் கடையும் அதன் பின்னால் ஒரு களஞ்சியமும் இருந்தன. நெல், தேங்காய், கருவாடு. 1990 ஒக்டோபரில் வெளியேறும்போது பூட்டிவிட்டு வந்த களஞ்சியம். இப்போது அத்திபாரம் மட்டும்தான். "கட்டினது ஆர் உம்மா?" என்று கேட்டேன். ஒரு மேசன் பாஸ், நிலைக்கு மேல் ஈரச் சாந்தில் விரலால் வருடத்தை எழுதினவர் என்றார். என்ன வருடம் என்றும் ஞாபகமில்லை, பெயரும் ஞாபகமில்லை.

இந்தத் தவணை என் வகுப்புக்கு ஒப்படை இதுதான்: உங்கள் ஊரில் ஒரு பழைய களஞ்சியம், அரிசி ஆலை, பள்ளிவாசல், கோயில், ஏதாவது ஒன்று. முதலாளியின் பெயர் வேண்டாம். கட்டின பாஸின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். பிள்ளைகள் உங்கள் வீட்டுக்கும் வருவார்கள். பெரியவர்கள் கொஞ்சம் இருந்து, யோசித்துச் சொல்லுங்கள். முல்லைத்தீவில் அந்த நாளையில் வேலை செய்த பாஸ்மாரை அறிந்தவர்கள் எனக்கும் சொல்லுங்கள்.