களஞ்சியங்களும் சார்புகளும்

ஹைதராபாத் மௌலா அலியில் ரயில் எஞ்சின் பணிமனை ஒன்று உண்டு. அங்கே ஓர் எஞ்சினின் உறுப்பை மாற்றுவதாயின், புதிய உறுப்பு தன்னளவில் சிறந்ததாயிருந்தால் மட்டும் போதாது. அண்டை உறுப்புகளோடு அது பொருந்துதல் வேண்டும். கணிப்பொறியின் மென்பொருளுக்கும் இவ்விதியே செல்லும்.

1993 ஆகஸ்டு 16-ஆம் நாள் இயன் மர்டாக் என்னும் அமெரிக்க மாணவர், டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலை அறிவித்தார். தன்னார்வலர் பலர் தனித்தனியே பேணும் நிரல்களை ஒன்றாக்க வேண்டியிருந்தது. ஆகவே ஒவ்வொரு நிரற்பொதியும், தனக்கு எப்பொதிகள் எந்தப் பதிப்பில் தேவை, எவை தனக்கு ஒவ்வா என்பதைத் தன்னுடனேயே எழுதிக்கொண்டு வரும் முறை வகுக்கப்பட்டது. 1994-இல் தோன்றிய டிபிகேஜி என்னும் கருவி குறையைச் சுட்டிற்றேயன்றி, வேண்டியதைக் கொணரவில்லை. 1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1-இல் இடம்பெற்ற ஆப்ட் என்னும் கருவி, களஞ்சியத்தில் தேடிச் சார்ந்த பொதிகளையும் சேர்த்தே கொணர்ந்தது.

களஞ்சியம் ஒன்றாயிருக்கும்வரை தொல்லை குறைவு. பலவாயின் சிக்கல் பிறக்கிறது. முன்னுரிமை சமமாயின் ஆப்ட் புதிய பதிப்பையே தேர்ந்துகொள்ளும். வேறொரு களஞ்சியத்தின் சிறு நிரலொன்றை நாம் விரும்பினால், அது புதிய சி நூலகத்தைக் கோரலாம். அந்நூலகமோ ஏறக்குறைய எல்லா நிரல்களுக்கும் அடித்தளம். ஒரு செங்கல்லை நாடியவன் அஸ்திவாரத்தையே மாற்றிக்கொண்ட கதையாகும் அது! இத்தகைய பொருத்தங்களைத் தேடுவது கணித நோக்கில் மிகக் கடினமான வகையைச் சேர்ந்தது என்று ஐரோப்பிய ஆய்வாளர் 2006-இல் நிறுவினர்.

2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-இல் 69,000-க்கு மேற்பட்ட பொதிகள் இருந்தன. சென்னை சி-டாக் நிறுவனத்தார் 2007-இல் வெளியிட்ட பாஸ் என்னும் இந்திய இயங்குதளமும் டெபியன்மீது எழுந்ததே. இந்திய மொழிகளுக்கென நாம் சேர்ப்பவற்றை, அடித்தளம் மாறுந்தோறும் மீண்டும் இசைவித்தல் நம் கடமையாகிறது. இரவலாகப் பெற்ற அடித்தளத்தின்மீது வீடு கட்டுவோர் அதன் மாற்றங்களைக் கண்காணித்தே ஆகவேண்டும்.

ஆகவே நேயர்களே, ஒரு களஞ்சியத்தை மூலமாகக் கொள்ளுங்கள். ஏனையவற்றுக்குத் தாழ்ந்த முன்னுரிமை அளித்து, இன்றியமையாத பொதியை மட்டும் அவற்றிலிருந்து பெறுங்கள். கருவி ஒரு மாற்றத்தைச் செய்யுமுன் காட்டும் பட்டியலைப் படித்துப் பாருங்கள். நீக்கப்படவிருக்கும் பொதிகளின் பெயர் அதில் நீண்டிருக்குமாயின், மறுத்துவிடுவதே நன்று.