குடிநீர் குளிநீரான கதை

மெக்சிகோவின் யுகதான் தீபகற்பத்துக்குப் போகும் சுற்றுலாப் பயணிகளில் பலர் ஒரு செனோட்டேயிலாவது முங்கிக் குளிக்காமல் ஊர் திரும்புவதில்லை. காட்டுக்கு நடுவே சுண்ணாம்புப் பாறைத் தரை திடீரென்று வாய் பிளந்திருக்கும். உள்ளே செங்குத்துச் சுவர். அதன் அடியில், ஆழத்துப் பாறை வரை கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத் தெளிந்த நன்னீர். விளிம்பில் நிற்கும் அத்தி இன மரங்களின் வேர்கள் கயிறு கயிறாகத் தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கியிருக்கும். இந்த இயற்கைக் கிணறுகளைப் பற்றி இரண்டு கதைகள் ஊர் ஊராகச் சுற்றுகின்றன. மாயா மக்கள் இவற்றில் கன்னிப்பெண்களைத் தள்ளிப் பலியிட்டார்கள் என்பது ஒன்று. பண்டைக் காலம் தொட்டே இவை காட்டு நீராடுதுறைகளாக இருந்தன என்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்து முக்கியமான செய்தியை மூடிவிடுகின்றன. செனோட்டேயின் வரலாறு அடிப்படையில் குடிதண்ணீரின் வரலாறு. அதில் இறங்கி நீந்துவது ஊருக்கெல்லாம் பொதுவான பொழுதுபோக்காக ஆனது, அங்கிருந்து தண்ணீர் சுமந்து வரும் பாடு ஒழிந்த பிறகுதான். அந்த மாற்றம் எப்படி வந்தது என்று பார்த்தால்தான், இன்று அந்தத் தண்ணீருக்கு வந்திருக்கும் ஆபத்தும் விளங்கும்.

முதலில் நிலத்தின் அமைப்பு. வடக்கு யுகதானில் ஆறுகள் கிடையாது. மழைக்குப் பஞ்சமில்லை, வறண்ட வடமேற்குக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர், கிழக்கே போகப் போக 1,500 வரை பெய்கிறது. ஆனால் பெய்த மழை தரையில் நிற்பதில்லை. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிச் சற்றே அமிலமாகும் மழைநீர், சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டே கீழிறங்கி, நிலத்தடியில் பெருங்குகைகளைக் குடைந்துவிட்டது. குகையின் கூரை இடிந்து விழுந்த இடமே செனோட்டே. தீபகற்பத்தின் வடமேற்கில் இவை அரைவட்டமாக வரிசைகட்டி நிற்பதை 1990 வாக்கில் செயற்கைக்கோள் படங்களில் அறிவியலாளர்கள் கவனித்தார்கள். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த விண்கல் உண்டாக்கிய, சுமார் 180 கிலோமீட்டர் அகலமுள்ள சிக்சுலூப் பள்ளத்தின் விளிம்பை அந்த வரிசை காட்டிக்கொடுக்கிறது. பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது இந்தக் குகைகள் வறண்டு கிடந்தன. ஓயோ நெக்ரோ என்னும் நீர்மூழ்கிய குழியில் 2007இல் முக்குளிப்போர் கண்டெடுத்த பதின்வயதுப் பெண்ணின் எலும்புக்கூடு சுமார் 12,000 முதல் 13,000 ஆண்டுப் பழமையானது. தண்ணீர் தேடி இருட்டுக்குள் போனவள் தவறி விழுந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். அந்த ஊகம் சரியென்றால், இந்நிலத்தில் மனித வாழ்வின் மிகப் பழைய தடயங்களில் ஒன்றே தண்ணீர்த் தேவையில்தான் தொடங்குகிறது.

ஊர்கள் எங்கே எழுந்தன என்பது இதைவிட உறுதியான சான்று. 9 கிலோமீட்டர் நீளமுள்ள மதில் சூழ்ந்த மாயப்பான் நகரத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட செனோட்டேக்கள் உண்டு. தண்ணீரை உள்ளே வைத்தே மதில் எழுப்பியிருக்கிறார்கள். சிச்சென் இட்சாவின் இரு பெரும் செனோட்டேக்கள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. தெற்கே உள்ள ஷ்தொலொக்கில் தண்ணீர் எடுக்கப் படி இருந்தது; நகரம் குடித்தது அதை. வடக்கே, பிரமிடிலிருந்து கல்பாவிய சாலையில் நடந்து சேரும் புனித செனோட்டே சுமார் 60 மீட்டர் விட்டம் கொண்டது. நீர்மட்டம் விளிம்புக்கு இருபது மீட்டருக்கும் கீழே. அது கடவுளுக்கு உரியது. குடிக்கும் நீரும் படைக்கும் நீரும் வேறு வேறாகப் பிரிக்கப்பட்ட அந்த ஏற்பாட்டில் நீந்துவதற்கென்று ஒதுக்கிய துறை எதுவும் தெரியவில்லை. மழை வேண்டி மாயா உழவர்கள் இன்றும் நடத்தும் சாக் வழிபாட்டுக்கு 'சுஹுய் ஹா', அதாவது யாரும் தொட்டுப் புழங்காத தண்ணீர் வேண்டும். அதற்காகக் குகைகளையும் ஒதுக்குப்புறச் செனோட்டேக்களையும் தேடிப் போவது வழக்கம். உடம்பு படாத தண்ணீரே தூயது என்று கருதும் மரபு, அதே தண்ணீரைக் குளிக்கும் குளமாக எண்ணியிருக்கும் என்று கொள்வது கடினம்.

அப்படியானால் பலி? புனித செனோட்டேயே வழிபாடுதான் மூலம், குடிநீர் பின்னால் வந்தது என்று காட்டவில்லையா என ஒருவர் கேட்கலாம். பலி நடந்தது உண்மை. 1566 வாக்கில் எழுதிய பாதிரியார் டியேகோ தே லாண்டா, வறட்சிக் காலத்தில் உயிருள்ள மனிதர்களையும் விலையுயர்ந்த பொருள்களையும் அக்கிணற்றில் எறிந்ததாகக் குறிப்பிடுகிறார். அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த எட்வர்ட் தாம்சன், சிச்சென் பண்ணையை 1894இல் வாங்கி, 1904 முதல் தூர்வாரி, பச்சைக்கல், தங்கத் தகடுகள், செப்பு மணிகள், சாம்பிராணிக் கட்டிகள், எலும்புகள் எனக் குவியலாக எடுத்தார். பெரும்பகுதியைக் கமுக்கமாக ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். அதில் ஒரு பகுதி 1970இல்தான் மெக்சிகோவுக்குத் திரும்பியது. எலும்புகளைப் பரிசோதித்தபோது ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என எல்லோரும் இருந்தது தெரிந்து, கன்னிப்பெண் கதை அடிபட்டது. அருகிலிருந்த வேறொரு நிலவறையில் 1967இல் கிடைத்த எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து 2024இல் வெளியான முடிவில், சோதிக்கப்பட்ட 64 பேரும் சிறுவர்களே. ஆக, பலி என் வாதத்துக்கு எதிரானதன்று, அதற்குத் துணையாகவே நிற்கிறது. பலியைப் பெற்ற தெய்வம் மழைத் தெய்வம், வேண்டியது தண்ணீர். மழை பொய்த்தால் மக்காச்சோளமும் இல்லை, ஊரும் இல்லை என்ற நிலத்தில், உயிரையே விலையாகக் கொடுத்துக் கேட்கும் பொருள் வேறென்னவாக இருக்க முடியும்?

எல்லா மாயா நகரங்களும் செனோட்டேயை ஒட்டி எழவில்லை என்பது வலுவான மறுப்பு. பூக் மலைத்தொடரில் நீர்மட்டம் மிக ஆழம். அங்கே உஷ்மால் போன்ற நகரங்கள் சுல்தூன் எனப்படும், உள்ளே சுண்ணாம்புப் பூசிய குப்பி வடிவ நிலத்தடித் தொட்டிகளில் மழைநீரைச் சேமித்தே வாழ்ந்தன. ஆனால் செனோட்டே இல்லாத ஊர் பட்ட பாடுதான் செனோட்டேயின் மதிப்பைச் சொல்கிறது. 1841-42இல் பயணம் செய்த அமெரிக்கர் ஜான் லாயிட் ஸ்டீவன்ஸும் ஓவியர் ஃபிரெடரிக் கேதர்வுட்டும் போலோன்சென் ஊரில் கண்டது இது. ஊர்ச் சதுக்கத்துக் கிணறுகள் கோடையில் வற்றியதும், மக்கள் அனைவரும் ஒரு குகைக்குள் இறங்கினார்கள். உள்ளே காட்டு மரத்தடிகளைக் கொடியால் பிணைத்துக் கட்டிய பிரமாண்டமான ஏணி. ஏறுவோரும் இறங்குவோரும் ஒரே நேரத்தில் ஒதுங்கிப் போகும் அகலம். முதுகில் மண்குடம், நெற்றியில் அதைத் தாங்கும் பட்டை. அந்த ஏணிக்குக் கீழேயும் தண்ணீருக்கு இன்னும் பல இறக்கங்கள் இருந்தன. கேதர்வுட்டின் 1844ஆம் ஆண்டுக் கற்பதிப்பு ஓவியத்தில் எறும்புச் சாரையாகத் தெரியும் மனிதர்கள், ஆண்டுக்குச் சில மாதம் ஓர் ஊர் முழுவதும் செய்த வேலையின் சாட்சிகள்.

தண்ணீர் இவ்வளவு அரிதென்றால், அதைக் கையில் வைத்திருப்பவன் ஆளை ஆள்வான். ஸ்பானியர்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். மாயாக்களின் சசி நகரத்தின் மேல், அதன் செனோட்டேயைச் சுற்றியே, 1545இல் வயாதொலித் நகரத்தை நிறுவினார்கள். அங்குள்ள சான் பெர்னார்தினோ மடம் ஒரு செனோட்டேயின் மேல் நிற்கிறது. நீரிறைக்கும் சக்கரத்துக்கென 1613இல் எழுப்பிய குவிமாடக் கூடம் இன்றும் இருக்கிறது. பிற்காலப் பண்ணைகளில் இந்தப் பிடி ஒப்பந்தமாகவே இறுகியது. பண்ணையின் நிலத்திலும் கிணற்றிலும் பங்கு வேண்டிய குடும்பம், திங்கட்கிழமைதோறும் முதலாளிக்குக் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். அப்படி உழைத்தவர்களுக்குத் திங்கள்காரர் என்ற பொருளில் 'லுனேரோ' என்றே பெயர். 1847இல் வெடித்த மாயா கிளர்ச்சிக்கு நிலமும் வரியும் காரணம் என்பார்கள். காட்டு நிலம் தனியார் கைக்குப் போனபோது அதிலிருந்த தண்ணீரும் சேர்ந்தே போனது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கிளர்ச்சியாளர்கள் 1850இல் தங்கள் தலைநகரான சான் சாந்தா குரூஸை அமைத்ததும், காட்டுக்குள் ஒரு செனோட்டே அருகே, பேசும் சிலுவை தோன்றியதாக நம்பப்பட்ட இடத்தில்தான். அரைநூற்றாண்டு அரசாங்கப் படையைத் தாக்குப்பிடிக்கத் தெய்வத்தின் குரலோடு வற்றாத கிணறும் வேண்டியிருந்தது.

இவ்வளவு சொன்ன பிறகும், அந்தக் காலத்தில் யாருமே செனோட்டேயில் குளிக்கவில்லையா என்ற கேள்வி நிற்கும். குளித்தார்கள். மாயாப் பெண்கள் தண்ணீர் எடுக்கப் போன கிணற்றடியிலேயே ஆடை களைந்து குளித்ததுண்டு என்று லாண்டாவே முகம் சுளிக்கிறார். ஸ்டீவன்ஸ் 1840இல் முகுய்ச்சே பண்ணையின் குகைச் செனோட்டேயைக் கண்டு மயங்கி, வனதேவதைகள் நீராடத் தக்க இடமென்று வியந்து எழுதினார். இரண்டையும் கூர்ந்து பார்க்க வேண்டும். கிணற்றடியில் மொண்டு ஊற்றிக்கொள்வதும் குடிநீருக்குள் இறங்கித் துழாவுவதும் ஒன்றாகாது. முகுய்ச்சேயில் இன்பமாக நீராட முடிந்தவர்கள் பண்ணை முதலாளியும் அவருடைய விருந்தாளிகளும். அவர்களுக்குத் தண்ணீரைச் சுமந்து வர வேறு ஆள்கள் இருந்தார்கள். விதிவிலக்கு என்று காட்டப்படும் இந்த நீராட்டுதான் விதியைத் தெளிவாக்குகிறது: தண்ணீர் சுமக்காதவனுக்கே அது விளையாட்டுப் பொருளாகிறது.

அந்த வசதி எல்லோருக்கும் வந்தது படிப்படியாகத்தான். நார் தரும் எனெகன் கற்றாழையால் செழித்த 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், மெரிதா நகரத்து வீடுகளின் மேல் அமெரிக்கக் காற்றாலைகள் ஆயிரக்கணக்கில் சுழன்று கிணற்றுநீரை ஏற்றின. பின்னர் மோட்டாரும், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குழாயும் சிற்றூர்கள் வரை வந்தன. 1937இல் அதிபர் கார்தெனஸின் நிலச் சீர்திருத்தம் பண்ணைகளை உடைத்து, நிலத்தை எகிதோ என்னும் ஊர்ப்பொது உடைமையாக்கியது. அதில் இருந்த செனோட்டேக்களுக்குப் போகும் வழியும் ஊர்க்காரர் கைக்கு வந்தது. பிறகு செயற்கை நார் சந்தையைப் பிடித்து எனெகன் விழுந்தது. 1970களில் கன்கூன் கடற்கரை நகரம் எழுந்தது. வேலை போன கிராமங்களும் குளிக்க இடம் தேடிய பயணிகளும் சந்தித்த இடம் செனோட்டே. குசாமாவில் இந்தச் சந்திப்பைக் கண்ணால் பார்க்கலாம்: கற்றாழை இலைக் கட்டுகளை ஆலைக்கு இழுத்த குறுகிய தண்டவாளத்தில், அதே குதிரைத் தள்ளுவண்டியில், இப்போது பயணிகள் உட்கார்ந்து செனோட்டேக்குப் போகிறார்கள். எதிரே வண்டி வந்தால் ஒரு வண்டியைத் தண்டவாளத்திலிருந்து தூக்கி இறக்கி வழிவிட வேண்டும். ஓட்டுபவர்களில் பலர் அந்தப் பண்ணைத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள்.

இந்த மாற்றத்தைப் பழிக்கக் காரணமில்லை. திங்கட்கிழமை அடிமைத்தனமும் போலோன்சென் ஏணியும் ஒழிந்ததற்காக யாரும் வருந்தப் போவதில்லை. ஆனால் பழைய ஏற்பாட்டில் ஒரு காவல் இருந்தது: குடிப்பவன் கண் எப்போதும் தண்ணீர்மேல் இருக்கும். குழாய் வந்ததும் அந்தக் கண் விலகியது. குழாயில் வருவதும் அதே நிலத்தடி நீர்தான் என்பது மறந்துபோனது. மெரிதா நகரம் தன் காலடியிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் இறைத்தே குடிக்கிறது. அந்நகரின் பெரும்பாலான வீடுகளின் கழிவும் மலத்தொட்டி வழியாக அதே ஓட்டைப் பாறைக்குள் இறங்குகிறது. குகைகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை; சாக் அக்துன் நீரடிக் குகைத்தொகுதி மட்டும் 347 கிலோமீட்டர் நீள்வதாக 2018இல் அளந்தார்கள். ஓர் இடத்தில் கொட்டியது இன்னோர் இடத்தில் தலைகாட்டும். நன்னீரும் கனமான உப்புநீரின் மேல் மிதக்கும் அடுக்குதான். அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும்.

குளிக்க வரும் கூட்டம்தான் இந்த நீரைக் கெடுக்கிறது என்று முடிவுகட்டுவதும் சரியாகாது. பல செனோட்டேக்களில் இறங்குமுன் உடம்பில் பூசிய வெயில் களிம்பைக் கழுவிவிட்டு வரச் சொல்கிறார்கள். அதை மீறுவோரும் உண்டு. ஆனால் வட்டாரத்தின் பெரிய அழுக்கு நகரக் கழிவும் பன்றிப் பண்ணைகளும். செனோட்டே வருமானத்தை நம்பியிருக்கும் ஓமுன் ஊரில், பல்லாயிரம் பன்றிகளை வளர்க்கும் பண்ணை வந்தபோது ஊரார் தாங்களே வாக்கெடுத்து மறுத்தார்கள். மாயாச் சிறுவர்கள் பெயரில் வழக்குப் போட்டு 2018இல் இடைக்காலத் தடை வாங்கினார்கள். 2021இல் உச்ச நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. குடிப்பவன் விட்டுப்போன காவலை, குளிப்பாட்டிப் பிழைப்பவன் ஏற்றுக்கொண்டான் என்றே இதைக் கொள்ளலாம். ஆயினும் அந்தக் காவல் பயணிகள் வரும் செனோட்டேயைத் தாண்டி நீளாது. பார்க்க அழகில்லாத, பாதை இல்லாத ஆயிரக்கணக்கான குழிகளுக்கு வருமானமும் இல்லை, வழக்காட ஆளும் இல்லை. நிலத்தடியில் அவற்றின் தண்ணீரும் ஒன்றே. ஆகவே யுகதானில் நீர்ச் சட்டம் இயற்றுவோர், பாதுகாப்பின் அளவுகோலைச் சுற்றுலாவில் தேடாமல் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். ஒவ்வொரு செனோட்டேயையும் ஊர் குடிக்கும் கிணறாகவே நடத்தினால், அதில் குளிப்பதற்கும் தண்ணீர் மிஞ்சும்.