வீதியும் ஊரும்: மன்னார்ப் பகுதியின் வளர்ச்சி பற்றிய ஒரு நோக்கு

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசர் பெயரையும் போர்களையும் ஆலயங்களையும் முதற்கண் தேடுவர். வீதிகளைத் தேடுவார் சிலரே. ஆயினும் ஊரின் உறுப்புக்களுள் நெடுங்காலம் நிலைபெறுவது வீதியே. வீடு இடிந்து மீண்டும் எழும், கோட்டை கைமாறும், சந்தை இடம்பெயரும். ஒருமுறை வகுக்கப்பட்ட வீதியோ, இருமருங்கும் காணிகள் எல்லையிடப்பட்டபின், தலைமுறை பல சென்றும் தன் போக்கை எளிதில் மாற்றாது. ஆதலின், ஒரு பகுதி வளரத் தொடங்குங் காலத்தில் அதன் வீதிகள் ஒன்றோடொன்று இணைகின்றனவா, அன்றித் தனித்தனியே முடிந்துவிடுகின்றனவா என்பது பின்வருவோர் வாழ்வை வகுக்கும் வினாவாகும். இவ்வினாவுக்கு மன்னார்ப் பகுதியின் வரலாறு தக்க விடை தருகின்றது.

இப்பகுதியின் மூத்த நகரம் மாந்தை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அமைந்த மாதோட்டம் இதுவே. 1980களின் முற்பகுதியில் ஜோன் காஸ்வெல் தலைமையில் நிகழ்ந்த அகழ்வாராய்ச்சி, சீனத்தையும் மேற்காசியாவையும் சேர்ந்த மட்பாண்டங்களை இங்கு வெளிக்கொணர்ந்தது. கடல்வழியும், அநுராதபுரத்துக்குச் செல்லும் உள்நாட்டு வழியும் கூடிய இடமாதலின் மாந்தை செழித்தது. 11ஆம் நூற்றாண்டில் அநுராதபுரம் தலைநகரென்னும் நிலையை இழந்தபின் மாந்தையும் ஒடுங்கிற்று. நகரத்தின் உயிர் அதன் மதில்களிலன்று, அதன் தொடர்புகளிலேயே உள்ளதென்பதற்கு இது முதற்சான்று.

இரண்டாவது சான்று மன்னார்த் தீவு. 1560இல் போர்த்துக்கேயர் கைப்பற்றிய இத்தீவு 1658இல் ஒல்லாந்தர் வசமும் 1795இல் ஆங்கிலேயர் வசமும் ஆயிற்று. பெருநிலத்தை நோக்கிய முனையில் கோட்டையும் நகரும் அமைந்தன. மறுமுனையில் தலைமன்னார் அமைந்தது. 1914இல் புகையிரதப் பாதை தலைமன்னாரை எட்டியது. அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் சென்றது. ஆனால் தீவின் நெடுக்கே அமைந்த அவ்வழி தனிவழியாகவே இருந்தது. 1964 டிசம்பரில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1990இல் போரின் காரணமாகப் புகையிரதம் நின்றது. புதிய மன்னார்ப் பாலம் 2010இலும், தலைமன்னார்வரையான புகையிரத சேவை 2015இலும் மீண்டன. ஒரே வழியை நம்பிய ஊர் அவ்வழி அறுந்ததும் எத்துணைத் தளர்வுறும் என்பதை அவ்விடைக்காலம் காட்டிற்று.

தீவைவிட்டுப் பெருநிலத்துக்கு வரின் வேறொரு காட்சி தோன்றும். நறுவிலிக்குளம், உயிலங்குளம் என்றாற்போன்ற பெயர்களே இவ்வூர்களின் பிறப்பைக் கூறும். நறுவிலி என்பது பசைமிக்க கனி தரும் மரம். குளமென்பது வாழ்வின் அடிப்படை. இவை வீதியாற் பிறந்த ஊர்களல்ல, நீராற் பிறந்தவை. பண்டைய குளத்தூரிற் குளக்கட்டும் வயலும் குடியிருப்பும் நடைதூரத்துள் அடங்கின. வயல் வரம்பும் வண்டிப் பாதையும் ஊரை ஊரோடு பிணைத்தன.

பெருவீதி வந்தபின் இவ்வகை ஊர்களின் வளர்ச்சி இருவழிகளுள் ஒன்றைப் பற்றும். குறுக்கு வீதிகளை வகுத்து, ஊர் செறிந்து வளர்வது ஒருவழி. பெருவீதியோரமாக நாடாப்போல் நீண்டு, பின்புறக் காணிகளுக்கு ஒவ்வோர் ஒழுங்கையாக விட்டு, ஒவ்வோர் ஒழுங்கையும் யாரேனும் ஒருவர் வேலியில் முட்டி நிற்க வளர்வது மற்றவழி. இரண்டாவது வழியில், அடுத்த ஒழுங்கையிலுள்ள வீட்டுக்குச் செல்லவும் பெருவீதிக்கு வந்தே திரும்பவேண்டும். ஐம்பது யார் தூரம் அரைமைலாகும். நடந்து செல்லத்தக்க பாடசாலைக்கு வாகனம் வேண்டியதாகும். பேருந்து உள்ளே புகாது. ஊர் அகலுமேயன்றி நெருங்காது.

முன்னைய வழிக்கு யாழ்ப்பாண நகரும் மதுரையும் எடுத்துக்காட்டாவன. யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கிழக்கே ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் அமைந்த நகர்ப்பகுதியில் பிரதான வீதியும் அதனை வெட்டிச்செல்லும் குறுக்குத்தெருக்களும் இன்றும் அவ்வாறே பயன்படுகின்றன. அவற்றை வகுத்த ஆட்சிகள் மறைந்தன. மதுரையிற் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், 1840ஐ அண்டிய ஆண்டுகளிற் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தபோது, அவ்விடத்தில் வெளிவீதிகள் வகுக்கப்பட்டன. கோயிலைச் சூழ்ந்த பழைய வீதிகளோடு அவை இணைந்தமையால், மதிலைக் கடந்து வளர்ந்த நகரும் பழைய நகரிலிருந்து பிரிந்துபோகவில்லை.

இஃது உலகம் முழுவதற்கும் பொருந்தும் உண்மை. பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்னும் ஆய்வாளர் இருவர், சந்திகளிற் கூடும் வீதிகளையும் முட்டி முடியும் ஒழுங்கைகளையும் உலகளாவிய வரைபடங்களிற் கணித்து, 2020இல் தம் முடிவை வெளியிட்டனர். மக்கட்டொகை மிக்க 134 நாடுகளுள் 90 வீதமானவற்றிற் புதிய குடியிருப்புக்களின் வீதிகள் 1975க்குப்பின் இணைப்புக் குன்றியுள்ளன என்பதும், தொடக்கத்தில் இணைப்புக் குறைந்த நகரங்கள் பின்னரும் அவ்வாறே வளர்கின்றன என்பதும் அவர்கள் கண்டவை. முதற்பிழை தொடர்பிழையாகும் என்பதே இதன் சாரம்.

இணைப்பால் அமைதி கெடும், கள்வர் புகுவர், காணி குறையும் என அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் முற்றிலும் பொருளற்றதன்று. ஆயின் எல்லா வழியும் ஊர்திகளுக்குரியதாக வேண்டுவதில்லை; இரண்டு ஒழுங்கைகளின் முடிவை ஒரு நடைபாதையால் இணைப்பின், பாரவண்டி புகாது, பள்ளிப்பிள்ளை புகுவான். அதற்கு வேண்டிய நிலமும் சில அடியே.

2009இல் போர் முடிந்தபின் மன்னார்ப் பகுதியில் மீள்குடியேற்றமும் வீட்டமைப்பும் நிகழ்ந்தன. 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம் பூநகரி வழியாக யாழ்ப்பாணத்தை மன்னாருக்கு அணிமையாக்கிற்று. பெருவழிகள் செம்மையுற்றன, சிறுவழிகளைப் பற்றிய சிந்தனையே இனி வேண்டப்படுவது. ஊர்கள் வரையறையின்றி அகலுமாயின், அவை விழுங்கப்போவது கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களையும், 2008இற் சரணாலயமாகவும் 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட வங்காலையின் புள்வாழ் நிலங்களையுமேயாகும்.

காணி பிரிப்போரும் பிரதேச சபையினரும் வரைபடத்தில் இடும் கோடு, மையுலருமுன் மாற்றத்தக்கது. வேலி எழுந்தபின் மாற்றுதற்கரியது. நீரை அளந்து பகிரக் குளங்கட்டிய முன்னோரின் வழித்தோன்றல்கள், வழியையும் அவ்வாறே அளந்து பகிர்வாராயின், நாளைய ஊர் அவர்களை வாழ்த்தும்.