குடிமதிப்பு ஏடுகளில் நம் பெயர்

அரசர்களின் வரலாற்றைக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் தேடுவர். நிலமும் எழுத்தும் மறுக்கப்பட்டிருந்த நம் முன்னோரின் அண்மைக்கால வரலாற்றைத் தேடப் புகுவோர்க்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் குடிமதிப்பு ஏடுகள் பெருந்துணையாகும். எண்கள் நிறைந்த அவ்வேடுகள் சுவையற்றவை என்று நம் இளைஞர் கருதலாம். ஆயினும் எந்தப் பெயரால் நாம் எண்ணப்பட்டோம், அப்பெயரை இட்டவர் யாவர் என்னும் வினாவோடு அவற்றைப் புரட்டினால் ஒரு நூற்றாண்டுப் போராட்டம் கண்முன் விரியும்.

சென்னை மாகாணத்தில் 1871ஆம் ஆண்டில் மக்கள் எண்ணப்பட்டனர். 1881 முதல் இந்தியா முழுமைக்கும் ஒரே காலத்தில் எண்ணும் முறை வந்தது. ஊரார் எப்பெயரால் அழைத்தனரோ அப்பெயரே ஏட்டிலும் ஏறிற்று. அந்த 1881ஆம் ஆண்டிலேயே பண்டிதர் அயோத்திதாசர், நம் மக்களை ‘ஆதித் தமிழர்’ என்று பதிய வேண்டுமென அரசை வேண்டினார். இந்நாட்டின் முதற்குடிகள் யாம் என்பதை அரசாங்க ஏட்டிலேயே நிலைநாட்ட முயன்ற முயற்சி அது. அரசு செவிசாய்க்கவில்லை.

இதில் நம் பெரியோர் எல்லாரும் ஒரே கருத்தினர் அல்லர். பண்டிதரின் மைத்துனரான இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். இழிவென்று பிறர் சுமத்திய பெயரைத் தலைநிமிர்ந்து தாங்கினாலன்றி இழிவு அகலாது என்பது அவர் கொள்கை. அப்பெயரே பகைவர் இட்டது, அதைக் களைய வேண்டும் என்பது பண்டிதர் கொள்கை. ஒரே குடும்பத்து உறவினர் இருவர் இவ்வாறு மாறுபட்டு நின்றது கண்டு நாம் நாணவேண்டியதில்லை. பெயர் அத்துணைப் பெரிய செய்தியாக அவர்களுக்கு இருந்தது.

1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பு தனியே குறிப்பிடத்தக்கது. முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி 1909இல் கிடைத்திருந்தது. இந்துக்கள் என்று எண்ணப்படுவோருள் தீண்டாதார் உண்மையில் அடங்குவரா என்னும் கேள்வி அதையொட்டி அரசியல் அரங்கில் எழுந்தது. குடிமதிப்பு ஆணையர் கெய்ட் பத்துச் சோதனைகளை வகுத்தார். பிராமணர் மேன்மையை ஏற்பவரா, கோயிலின் உட்புறத்தே புக விடப்படுகின்றனரா, நெருங்கினாலும் தொட்டாலும் தீட்டு என்று கருதப்படுகின்றனரா, இறந்தோரைப் புதைக்கின்றனரா, மாட்டிறைச்சி உண்பவரா என்பன அவற்றுட் சில. கோயிலுள் விடாதவர் குற்றம், விடப்படாதவரின் அடையாளமாக ஏட்டில் ஏறிய விந்தையை எண்ணிப் பாருங்கள்! பண்டிதரோ தம் ‘தமிழன்’ இதழ் வாயிலாக, நம்மவர் தம்மைப் பௌத்தர் என்று எழுதுவிக்க வேண்டுமென அறிவுறுத்தினார்.

சென்னைச் சட்டமன்றத்தில் எம். சி. இராசா 1922இல் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, ‘பஞ்சமர்’, ‘பறையர்’ என்னும் பெயர்களுக்கு மாற்றாக ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயர் அரசாணையில் இடம்பெற்றது. தெலுங்கு நாட்டில் ‘ஆதி ஆந்திரர்’. நாமே விரும்பிக் கேட்டு அரசு ஏற்றுக்கொண்ட பெயர் இது.

எண்ணிக்கை வெறும் எண்ணிக்கையன்று என்பது 1932இல் தெளிவாயிற்று. வாக்குரிமை பற்றி ஆராய்ந்த லோதியன் குழுவின்முன், வடமாகாணங்கள் சிலவற்றில் தீண்டாதார் தொகையைக் குறைத்துக் காட்டப் பலர் முனைந்தனர். தொகை குறைந்தால் இடம் குறையும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். அண்ணல் அம்பேத்கர் அதனை எதிர்த்து வாதாடினார். அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தின்படி மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் 30 சென்னை மாகாணத்துக்கு உரியவை. தனித்தொகுதியை விட்டுக்கொடுத்துப் பெற்ற இடங்கள் அவை என்பதும் மறக்கத்தக்கதன்று.

விடுதலைக்குப்பின் பிற சாதிகளைத் தனித்தனியே எண்ணும் வழக்கம் நின்றது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மட்டுமே எண்ணப்பட்டனர். அப்பட்டியலுக்கு 1950ஆம் ஆண்டு ஆணை மதவேலி ஒன்றை இட்டது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அவ்வேலிக்குள் சேர்க்கப்பட்டனர். கிறித்தவம் தழுவிய நம் உறவினர் வெளியே நிற்கின்றனர். ஒரே தெருவில், ஒரே சுடுகாட்டுத் தகராறில் நம்மோடு நிற்பவர் ஏட்டில் நம்மோடு இல்லை.

தமிழ்நாட்டின் எண்களைக் காண்போம். 1981இல் மாநில மக்களுள் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு 18.35. 2011இல் 7,21,47,030 மக்களுள் 1,44,38,445 பேர், அதாவது நூற்றுக்கு 20.01. பழைய தஞ்சைத் தரணியைச் சேர்ந்த திருவாரூர் மாவட்டத்தில் இது 34ஐ எட்டுகிறது. நெல் விளையும் மண்ணில் உழைப்பவர் எவர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. கன்னியாகுமரியில் நால்வர்கூட இல்லை. நம்மவருள் மூன்றில் இரு பங்கினர் சிற்றூர்களில் வாழ்கின்றனர். மாநில மக்களிலோ ஏறத்தாழப் பாதிப்பேர் நகர்களில் உள்ளனர். எழுத்தறிவு 2001இல் 63.2, 2011இல் 73.26. மாநிலச் சராசரி 80.09. கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளிவிழா மலரில் இந்த இடைவெளியைக் குறிப்பிடாமல் செல்ல இயலவில்லை.

அரசுப் பணியிலும் கல்வியிலும் நமக்குரிய பங்கு 1971இல் 16இலிருந்து 18 ஆக உயர்த்தப்பட்டது. மக்கள்தொகை 20ஐக் கடந்த பின்னும் அது 18ஆகவே நின்றது. சட்டமன்றத் தனித்தொகுதிகளோ 2001ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து 42இலிருந்து 44 ஆயின. ஏட்டில் ஏறிய எண்ணால் விளைந்த பயன் அது.

இனி நம்முள்ளே உள்ள சிக்கல் ஒன்று. 2001ஆம் ஆண்டுப் பட்டியலில் 76 சாதிப் பெயர்கள் இருந்தன. ஆதிதிராவிடர் எனப் பதிந்தோர் பட்டியல் சாதியினருள் நூற்றுக்கு 45க்கு மேல். பறையர் எனப் பதிந்தோர் 16க்குச் சற்றுக் குறைவு. பள்ளர் 19 அளவு. சக்கிலியரும் அருந்ததியரும் தனித்தனியே ஆறேழு விழுக்காடு. ‘ஆதிதிராவிடர்’ என்று எழுதுவித்தவருள் எப்பிரிவினர் எத்தனை பேர் என்பதை எவராலும் பிரித்துரைக்க முடியாது. பொதுப்பெயர் நமக்குத் தன்மதிப்புத் தந்தது மெய்யே. ஆனால் 2009இல் அருந்ததியர்க்கு 18க்குள் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. 2021இல் ஏழு பெயர்களைத் தேவேந்திரகுல வேளாளர் என ஒன்றாக்கும் சட்டமும் வந்தது. இவற்றுக்குப்பின் இப்பெயர்க் கலப்பு ஒவ்வொரு பிரிவின் பங்கையும் தொடும் செய்தியாகிவிட்டது.

என் இளமையில் எங்கள் தெருவுக்கு வந்த கணக்கெடுப்பாளர் ஒருவர் முதல் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே முப்பது வீடுகளை எழுதி முடித்தார். சாதி என்ன என்று எவரையும் கேட்கவில்லை. தெருவைக் கண்டதே போதுமென எண்ணினார் போலும். இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்றிருந்த என் தாயாரை எழுத்தறியாதவர் என்று குறித்துச் சென்றார்.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாப் பெருந்தொற்றினால் தள்ளிப்போயிற்று. 2025 ஜூன் 16ஆம் நாள் வெளியான அறிவிக்கை 2027 மார்ச் முதல் நாளைக் கணக்குநாளாகக் குறித்தது. 1931க்குப் பின் முதன்முறையாக எல்லாச் சாதிகளும் அதில் எண்ணப்பட இருக்கின்றன. பொதுப்பெயரைச் சொல்வதா, பிரிவின் பெயரைச் சொல்வதா என்பதை நம் வீடுகளில் முன்னரே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதற்குப் படித்த பிள்ளை ஒருவர் அன்று வீட்டில் இருப்பது நலம்.