கரன்ட் போனதும் ஜெனரேட்டரா? சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஏன் அவசியம்?

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. மின்கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. குடிநீர்த் தொட்டியை நிரப்பவே ஜெனரேட்டர்தான் கைகொடுத்தது.

ஆபத்து எங்கே?

மெயின் சுவிட்ச் ஆனில் இருக்க, ஜெனரேட்டர் வயரை வீட்டு பிளக்கில் சொருகினால் கரன்ட் வீட்டோடு நிற்காது. சர்வீஸ் வயர் வழியாக டிரான்ஸ்பார்மருக்குப் போய், 230 வோல்ட் 11,000 வோல்ட் வரை உயர்ந்து மேல் லைனில் ஏறலாம். 'லைன்ல கரன்ட் இல்ல' என்று நம்பிக் கம்பம் ஏறும் ஊழியரின் உயிரே போகும்.

தீர்வு என்ன?

சேஞ்ச் ஓவர் சுவிட்ச்தான். ஒரு பக்கம் இ.பி., மறுபக்கம் ஜெனரேட்டர், நடுவில் ஆஃப். இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது. பேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் 'டபுள் போல்' வகையாகப் பார்த்து வாங்கணும்.

இன்வெர்ட்டருக்கும் வேணுமா?

வீட்டு இன்வெர்ட்டரின் உள்ளே இருக்கும் ரிலே இதே வேலையைத் தானாகச் செய்கிறது. ஆனால் அவுட்புட் வயரை இ.பி. லைனோடு கலந்துவிட்டால், கரன்ட் திரும்பியதும் இன்வெர்ட்டர் கருகிவிடும். எனவே தனி வயரிங்கை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடமே கொடுங்கள்.

ஜெனரேட்டர் எப்போதும் வீட்டுக்கு வெளியேதான் ஓடணும். மூடிய அறையில் அதன் புகை உயிரைப் பறிக்கும்.