பேஸ் நிலையத்தின் ஆயத்தொலைவு: பாலக்காடு, இடுக்கி எல்லையோரத்தில்

செயற்கைக்கோள் வழி நில அளவையில் ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் கருவியை ‘பேஸ்’ என்றும், சர்வேயர் கையில் எடுத்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடக்கும் கருவியை ‘ரோவர்’ என்றும் சொல்வார்கள். பேஸிலிருந்து எத்தனை மீட்டர் கிழக்கே, வடக்கே, மேலே நிற்கிறோம் என்பதை ரோவர் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் துல்லியத்தில் கண்டுபிடித்துவிடும். ஆனால் பேஸ் எங்கே நிற்கிறது என்பதை யாராவது அதற்குச் சொல்லியாக வேண்டும். சொன்ன அட்சரேகையும் தீர்க்கரேகையும் மூன்று மீட்டர் பிசகியிருந்தால், அன்று அளந்த அத்தனை புள்ளிகளும் ஒரே திசையில் மூன்று மீட்டர் நகர்ந்துவிடும். புள்ளிகளுக்கு இடையேயான தூரங்கள் மட்டும் சரியாகவே இருக்கும். அதனால் வரைபடத்தைத் தனியாகப் பார்த்து யாராலும் பிழையைப் பிடிக்க முடியாது. பக்கத்துக் கிராமத்தின் வரைபடத்தோடு ஒட்டிப் பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

பக்கத்துக் கிராமம் வேறு மாநிலத்தில் இருந்தால் சிக்கல் இரட்டிப்பாகிறது. வாளையார், கோவிந்தாபுரம், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என நீளும் கேரள-தமிழ்நாட்டு எல்லையோரம் அப்படிப்பட்டது. 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு, சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது; இன்று இடுக்கியில் உள்ள தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தவை. அதே நாளின் ஆண்டு நிறைவில், 2022 நவம்பர் 1 அன்று, கேரள அரசு ‘என்டெ பூமி’ என்ற பெயரில் டிஜிட்டல் மறுஅளவையைத் தொடங்கியது. எல்லையோரக் கிராமங்களில் கூட்டு அளவை நடத்தாமல் இது நடக்கிறது என்று தமிழ்நாட்டு விவசாயிகள் சங்கங்கள் உடனே எதிர்ப்புத் தெரிவித்தன.

மறுஅளவை கேரளத்துக்குப் புதிதல்ல. 1966-இல் சங்கிலியும் கல்லுமாகத் தொடங்கிய வேலை பல பத்தாண்டுகள் ஆகியும் முடியவில்லை. புதிய திட்டத்தின் முதுகெலும்பு, இந்திய நில அளவைத் துறையின் துணையோடு மாநிலம் முழுவதும் நிறுவப்பட்ட 28 ‘கார்ஸ்’ நிலையங்கள். இரவு பகலாக ஓயாமல் இயங்கும் நிரந்தர பேஸ்களே இவை. காலையில் முக்காலியை நட்டு, மாலையில் கழற்றும் வேலை இதனால் பெரும்பாலும் மிச்சம். ஆனால் அலைபேசி இணையம் எட்டாத மலைச்சரிவில் கார்ஸின் திருத்தத் தகவல் ரோவருக்கு வந்து சேராது. அங்கே சொந்த பேஸ்தான் வழி.

அந்த பேஸின் இடத்தை எப்படிக் கணிப்பது? சில நிமிடம் ஓடவிட்டுக் கருவி தரும் சராசரியை எடுத்துக்கொள்வது எளிது; பிழையும் மீட்டர் கணக்கில் இருக்கும். தோட்டத்துக்குள் வாய்க்கால் மட்டம் பார்க்க அது போதும், பட்டாவுக்குப் போதாது. முறையான வழி, வானம் திறந்த இடத்தில் பேஸை நிறுத்திப் பல மணி நேரம், முடிந்தால் 24 மணி நேரம், மூலத் தரவைப் பதிவுசெய்வது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை அதே வானப் பாதைக்குத் திரும்புகின்றன. ஒரு முழுநாள் பதிவில் பாறையிலும் தகரக் கூரையிலும் பட்டுத் தெறிக்கும் அலைகளின் பாதிப்பு பெருமளவு அடங்கிவிடும்.

பதிந்த தரவை அருகிலுள்ள கார்ஸ் நிலையங்களின் தரவோடு சேர்த்துக் கணக்கிடலாம். இல்லையென்றால் கனடாவும் ஆஸ்திரேலியாவும் நடத்தும் இணையச் சேவைகளுக்கு அனுப்பலாம். ஆஸ்திரேலியச் சேவை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் ஐதராபாத்திலும் உள்ளவை போன்ற உலக வலையமைப்பு நிலையங்களோடு ஒப்பிட்டு விடை தரும். கனடாவின் சேவைக்குக் கோள்பாதை, கடிகாரத் திருத்தங்களே போதும். கோள்கள் நேரடியாக ஒலிபரப்பும் பாதைத் தகவலில் ஒரு மீட்டர் அளவுக்குப் பிழை இருக்கலாம். இரு வாரம் கழித்து வெளியாகும் இறுதிப் பாதையில் அது இரண்டரை சென்டிமீட்டராகக் குறைகிறது. அவசரப்படாதவருக்கு நல்ல விடை கிடைக்கும்.

இடத்துக்கே உரிய தொல்லைகளும் உண்டு. பாலக்காட்டுக் கணவாயின் சமவெளியில் வானம் தாராளம். இடுக்கியின் பள்ளத்தாக்குகளில் அடிவானத்துக் கோள்களை மலை மறைக்கும். ஏலத்தோட்டத்தின் மர நிழலில் சமிக்ஞை அறுந்து அறுந்து வரும். இந்தியாவின் நாவிக் கோள்கள் நம் தலைக்கு மேல் உயரத்திலேயே நிற்பவை என்பது இங்கே ஓர் அனுகூலம். சமவெளிப் போடிநாயக்கனூரில் பேஸை வைத்துவிட்டுப் போடிமெட்டில் ரோவரைப் பிடித்தால், இடையே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயர வேறுபாடு. இரண்டுக்கும் மேலுள்ள காற்றின் ஈரமும் அடர்த்தியும் வேறு வேறு. அதனால் உயரக் கணக்கு முதலில் கெடும்.

வானமும் இங்கே தொல்லை தரும். பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதாலேயே கேரளக் கடற்கரையில் உள்ள தும்பா ராக்கெட் ஏவுதளமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. அந்தக் கோட்டுக்கு மேலுள்ள அயனி மண்டலம் விஞ்ஞானிகளுக்கு வரம், சர்வேயருக்குச் சோதனை. சூரியன் மறைந்த பின் சில மணி நேரம், குறிப்பாக மார்ச், செப்டம்பர் மாதங்களையொட்டி, கோள்களின் சமிக்ஞை மினுங்கித் தடுமாறும். அயனி மண்டலத்தால் ஏற்படும் தாமதத்தை இரட்டை அலைவரிசைக் கருவி பெருமளவு நீக்கிவிடும், இந்த மினுங்கலை அல்ல. அளவையைப் பகலில் முடித்துக்கொள்வதே உத்தமம்.

உயரத்தில் இன்னொரு வியப்பு இருக்கிறது. செயற்கைக்கோள் கருவி, கடல்மட்டத்திலிருந்து அளப்பதில்லை. கணித நீள்கோளம் ஒன்றிலிருந்து அளக்கிறது. இந்தியப் பெருங்கடலின் ஈர்ப்புப் பள்ளத்தால் இப்பகுதியின் கடல்மட்டப் பரப்பு அந்த நீள்கோளத்துக்குச் சுமார் 90 மீட்டர் கீழே கிடக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 80 மீட்டர் சொச்சத்தில் உள்ள பாலக்காடு நகரத்தில், திருத்தம் செய்யாத கருவி பூஜ்யத்துக்குக் கீழே எண் காட்டினால் அது பழுதல்ல. 2,695 மீட்டர் ஆனைமுடியும் அதே கணக்கில் குள்ளமாகிவிடும்.

பழைய வரைபடங்களோடு பொருத்துவது தனிப் பாடு. வில்லியம் லாம்டன் 1802-இல் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவையும், வார்டும் கானரும் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சியில் செய்த அளவையும் ஒரு குன்றிலிருந்து மறு குன்றைக் கண்ணால் பார்த்துச் செய்தவை. பின்னர் இந்திய வரைபடங்களுக்கு அடிப்படையான எவரெஸ்ட் நீள்கோளத்திலிருந்து இன்றைய ஜி.பி.எஸ். நீள்கோளத்துக்கு மாறும்போது, அதே புள்ளியின் எண்கள் இங்கே நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப் போகும். போதாததற்கு, இந்தியத் தட்டே வடகிழக்காக ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நகர்கிறது. இருபது ஆண்டில் அது ஒரு மீட்டர். எந்த ஆயத்தளத்தில் (அதாவது எந்த நீள்கோள அடிப்படையில்), எந்தத் தேதிக்குக் கணித்தது என்று குறிக்காத எண்ணைச் சென்டிமீட்டர் வரை எழுதிவைப்பதில் அர்த்தமில்லை.

குறி வைக்கும் தரையும் உறுதியாக இருக்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் சரிந்த மலை, தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளை மூடி எழுபது உயிர்களைப் பறித்தது. அத்தகைய சரிவுகளில் மண்மேல் நட்ட கல் ஒரு மழைக்காலத்திலேயே இடம் பெயரக்கூடும். அடிப்பாறையில் பதித்த குறியே நம்பத்தக்கது. ஆன்டெனாவின் உயரத்தைத் தவறாகக் குறித்துக்கொள்வது இவை எல்லாவற்றையும்விடச் சாதாரணமாக நடக்கும் பிழை. உயரத்தைத் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை அளந்தால் தப்பலாம்.

எல்லைத் தகராறை இந்த எண்கள் தீர்க்காது. அதற்கு 1956-க்கு முந்தைய ஆவணங்களும் இரு மாநில அளவர்கள் சேர்ந்து நடக்கும் நடையும் வேண்டும். தமிழ்நாட்டு நில அளவைத் துறையும் தனக்கென கார்ஸ் வலையமைப்பை வைத்திருக்கிறது. எல்லைக் கல் ஒன்றை இரு வலையமைப்புகளிலும் அளந்து, ஒரே ஆயத்தளத்துக்கும் தேதிக்கும் மாற்றினால், விடைகள் சில சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது கல்லை அல்ல, பேஸை.