புள்ளி தொலைந்த சொற்கள்



பந்திங் வட்டாரத்துத் தோட்டப்பள்ளி ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்த ஆசிரியர் ஒருவர், 2000ஆம் ஆண்டையொட்டித் தம் மாணவர்களின் கட்டுரைகளைத் தட்டச்சு செய்து, இலவச இணையத்தளம் ஒன்றில் ஏற்றி வைத்திருந்தார். அத்தளம் இன்று இல்லை. அப்பிள்ளைகள் வாழ்ந்த தோட்டமும் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. எஞ்சியது, ஐயா என்னிடம் ஒப்படைத்த ஒரு குறுந்தட்டு மட்டுமே. அதிலுள்ள பக்கங்களிலிருந்து பால்மரக்காட்டுச் சொற்களைத் தொகுக்க முனைந்தபோதுதான், வடிவந்தேடும் கருவிகளைக் கற்கலானேன். அவற்றின் வரலாறு என்னை வியப்பில் ஆழ்த்தியது.

இக்கலை கணினியிலிருந்து பிறக்கவில்லை. மூளையின் நரம்பணுக்களைக் கணிதமாக விளக்க மெக்கல்லக், பிட்ஸ் ஆகிய இருவரும் 1943இல் எழுதிய கட்டுரையே இதன் வேர். அதைத் தொடர்ந்து ஆராய்ந்த ஸ்டீவன் கிளீனி என்னும் அமெரிக்கக் கணித அறிஞர், 1951இல் இதற்கென ஒரு குறியீட்டு முறையை வகுத்தார். இன்று நாம் சுருங்குறித்தொடர் என்று சொல்வது அதுவே. 1968இல் கென் தாம்சன் அதனை உரைதேடும் வழிமுறையாக்கினார்; 1973இல் அவர் உருவாக்கிய ‘கிரெப்’ என்னும் சிறு நிரல் உலகெங்கும் பரவியது.

கிரெப் பிறந்த கதை தமிழாசிரியர்களுக்கு இனிக்கும். அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 18ஆம் நூற்றாண்டில் ஒரே புனைபெயரில் மூவர் எழுதிய 85 கட்டுரைகளுள், எது யாருடையது என்று மொழிநடையைக் கொண்டு கண்டறிய லீ மெக்மேன் என்பவர் விரும்பினார். அத்துணைப் பெரிய கோப்பை அந்நாளைய உரைத்தொகுப்பி தாங்கவில்லை. அதிலிருந்த தேடும் திறனை மட்டும் தாம்சன் தனி நிரலாக்கித் தந்தார். ஆக, இலக்கிய ஆய்வே இக்கருவியை வெளியுலகுக்குக் கொண்டுவந்தது! சங்க இலக்கியத்துக்குச் சொல்லடைவு தொகுத்த நம் அறிஞர்களின் வேட்கையும் இதுதானே?

வலைப்பக்கங்களுக்கு வேறொரு கருவியும் உண்டு. 1996இல் வெளிவந்த சிஎஸ்எஸ், பக்கத்தின் எப்பகுதிக்கு எந்த ஒப்பனை என்று சுட்டுவதற்குத் ‘தேர்வி’களை வகுத்தது. ஒப்பனைக்குப் பிறந்த அம்முறையே பின்னாளில் தரவைப் பிரித்தெடுக்கவும் பயன்பட்டது. எனக்கும் அது கைகொடுத்தது. ஐயாவின் பக்கங்களில் மலாயும் தமிழும் கலந்திருந்தன. தமிழ்ப்பகுதிகளெல்லாம் எழுத்துருவின் பெயர் தாங்கிய குறிகளுக்குள் இருந்தன. அக்குறிகளுக்குள் இருப்பதை மட்டும் எடு என்று ஒரே வரியில் ஆணையிட முடிந்தது.

இடர் அதன்பிறகே தொடங்கியது. அப்பக்கங்கள் திஸ்கி குறியாக்கத்தில் இருந்தன. 2001இல் நம் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்த காலத்தில் பெருவழக்காக இருந்த குறியாக்கங்களுள் அதுவும் ஒன்று. அதில் ‘கெ’ என்று எழுதினால் கொம்பு முதலிலும் ககரம் பின்னரும் பதியும். கண்ணுக்குத் தோன்றும் வரிசை அது. யூனிகோடிலோ ககரம் முதலில், கொம்பு பின்னர். ஆகவே எல்லாவற்றையும் முதலில் மாற்றியாக வேண்டியிருந்தது. மாற்றியும் முடித்தேன்.

பின்னர், சொற்களைத் தனித்தனியே பிரிக்கும்படி பாடநூல் காட்டிய வடிவத்தை இட்டேன். பட்டியலைக் கண்டு திகைத்துப்போனேன். ‘தமிழ்’ என்னும் சொல் ‘தம’ என்றும் ‘ழ’ என்றும் சிதறிக் கிடந்தது. ‘மங்கு’ ‘மங’, ‘க’ ஆயிற்று. ‘ஒட்டுப்பால்’ ஐந்து துண்டுகளாக உடைந்தது. புள்ளிகளும் உயிர்க்குறிகளும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. என் அறியாமையால் மூலக்கோப்பின் மேலேயே அதனை எழுதியும் விட்டேன். குறுந்தட்டு மட்டும் இல்லாதிருந்தால்? நினைக்கவே நெஞ்சம் பதறுகிறது.

காரணம் எளியது. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில் நம் 247 எழுத்துகளும் தனித்தனியே இல்லை. உயிர்களும் அகரமேறிய மெய்களும் எழுத்துகள் என்றும், புள்ளியும் கால், கொம்பு முதலியனவும் ஒட்டுக்குறிகள் என்றும் வகுக்கப்பட்டுள்ளன. ‘எழுத்து மட்டும்’ என்று கேட்டால், கருவிகள் பல ஒட்டுக்குறிகளைத் தள்ளிவிடுகின்றன. தொல்காப்பியர் மெய்க்கு இலக்கணமாகச் சொன்ன புள்ளியே கருவிக்கு எழுத்தாகத் தெரியவில்லை! தமிழுக்குரிய இடங்கள் அனைத்தையும் வடிவத்திலேயே குறித்துக் கொடுத்தபின் சொற்கள் முழுமையாக வந்தன.

மாணவர் பயிற்சித்தாளுக்குச் சொல் தேடும் ஆசிரியர்கள் இன்னொன்றையும் கருதுக. மூன்றெழுத்துச் சொற்களுக்காக மூன்று புள்ளிகள் கொண்ட வடிவத்தை இட்டால் பல், கண், மண் ஆகிய ஈரெழுத்துச் சொற்கள் வரும். கொக்கு வராது, அதற்கு ஆறு குறியிடங்கள். ‘மர’ என்று தேடினால் மரத்தோடு மருந்தும் மருமகளும் வந்து நிற்பர். எழுத்துத் தொகுதியை ஓரலகாகக் கொள்ளும் வடிவங்கள் சில கருவிகளில் உள்ளன, அவற்றையே நாடுக.

பெரட்டு, காண்டா, மங்கு, ஒட்டுப்பால் எனச் சொற்கள் இப்போது வரிசையாக நிற்கின்றன. சென்ற வாரம் ஐயாவிடம் பட்டியலைக் காட்டினேன். கண்ணாடியை அணிந்துகொண்டு நெடுநேரம் படித்தவர், எந்தக் கட்டுரையை எந்தப் பிள்ளை எழுதினான் என்று சொல்லத் தொடங்கினார்.

கோலலங்காட், கிள்ளான் வட்டாரத்துப் பெற்றோர்களே, உங்கள் இல்லங்களிலும் இத்தகைய பழைய குறுந்தட்டுகள் இருக்கக்கூடும். படிக்க இயலவில்லை என்று எறிந்துவிட வேண்டா. என்னிடம் கொண்டு வாருங்கள். இம்முறை முதலில் படியெடுத்துக்கொண்டே தொடங்குவேன்.